மலையிலிருந்து மாரடைப்பு வரை: ஒரு குடிநீரின் பயணம்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், சிலி நாட்டின் வடபகுதியில், அந்தோஃபகஸ்தா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. முன்னால் பசிபிக் கடல், பின்னால் அட்டகாமா பாலைவனம். ஆண்டு முழுவதும் அங்கே பெய்கிற மழை சில மில்லிமீட்டர்தான். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. வறட்சிக்குப் பேர்போன நம் ராமநாதபுரம்கூட அதன் பக்கத்தில் பசுஞ்சோலை. ஊருக்குள் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

1958ஆம் ஆண்டு அந்த நகரத்துக்குப் புதிதாக ஒரு தண்ணீர் வந்தது. தெளிந்த நீர். நிறமில்லை, மணமில்லை, சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நகரம் அதைக் குடித்தது, அதில் சமைத்தது, குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தது. அந்தத் தண்ணீரில் கரைந்து ஆர்செனிக்கும் வந்தது. வேதியியல் அதை உலோகப்போலி என்று வகைப்படுத்தும். சுற்றுச்சூழல் மருத்துவம் ஈயம், காட்மியம் ஆகியவற்றோடு சேர்த்து நச்சு உலோகமாகவே எண்ணும். நம் சித்த மருத்துவர்களுக்கு அது பழைய பழக்கம். வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் ஆர்செனிக் சேர்ந்த பொருள்கள்தான். சுத்தி செய்யாமல் அவற்றைத் தொடக்கூடாது என்பது அந்த மரபின் கண்டிப்பான விதி. அந்தோஃபகஸ்தாவில் அந்தப் பொருள் எந்தச் சுத்தியும் இல்லாமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடிநீர்க் குழாயில் இறங்கியது.

அது புறப்பட்ட இடம் ஆண்டிஸ் மலைத்தொடர். சிலியும் பொலிவியாவும் எல்லை பிரிக்கும் அந்த உயரத்தில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. பூமிக்கடியிலிருந்து எழும் எரிகுழம்போடு ஆர்செனிக்கும் மேலே வருகிறது, பாறைகளில் தங்குகிறது. அந்தப் பாறை இடுக்குகளில் சூடாகி ஓடும் நிலத்தடி நீர் அதைக் கரைத்தெடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் உயரத்தில் எல் தாத்தியோ என்ற வெந்நீர் ஊற்று வெளி இருக்கிறது. விடியற்காலைக் கடுங்குளிரில் நூற்றுக்கு நெருக்கமான ஊற்றுகள் நீராவியைப் பீய்ச்சியடிக்கும். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுக்க வருகிறார்கள். அந்த நீர் ஆர்செனிக் மிகுந்தது. அந்தப் பகுதியிலிருந்து வடியும் ஓடைகளும் ஆறுகளும் அதைச் சுமந்துகொண்டே கீழே இறங்குகின்றன. மழை நன்றாகப் பெய்யும் நாடாக இருந்தால் வழியில் வேறு நீர் கலந்து நச்சின் அடர்த்தி குறையும். அட்டகாமாவில் கலக்க நீரில்லை; இருக்கிற நீரும் வெயிலில் ஆவியாகிக் குறைய, நச்சின் அடர்த்தி கூடவே செய்யும்.

இந்த நீரோடு மனிதர்கள் பழகியது நேற்று இன்றல்ல. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கரையில் சின்சோரோ மக்கள் வாழ்ந்தார்கள். எகிப்தியருக்கு முன்பே இறந்தவர் உடலைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள். வடசிலியில் கிடைத்த பழைய பதப்பட்ட உடல்களின் தலைமுடியில் ஆர்செனிக் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கமரோனஸ் பள்ளத்தாக்கில் இன்று வாழ்வோரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆர்செனிக்கை மாற்றி வெளியேற்ற உதவும் ஒரு மரபணுவின் திறன்மிக்க வடிவம் அவர்களிடையே கூடுதலாக இருக்கிறது. பல நூறு தலைமுறைகளாகத் தாங்கமுடியாதவர்கள் மடிந்து, தாங்கியவர்களின் பிள்ளைகள் பெருகியதன் விளைவு அது. ஓர் உடல் நச்சுக்குப் பழகிக்கொள்வதற்கு ஆகும் விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கொடிய கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்தோஃபகஸ்தா அப்படிப் பழகிய ஊரல்ல. வெடியுப்புக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முளைத்த ஊர். பாலைவனத்தில் படிந்து கிடந்த நைட்ரேட், உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டியிருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த உப்புக்காகவே 1879இல் சிலி, பொலிவியாவோடும் பெருவோடும் போருக்குப் போனது. அதுவரை பொலிவியாவுக்குச் சொந்தமாயிருந்த நகரம் சிலியின் கைக்கு வந்தது. பிறகு செம்பு. 1915இல் சுக்கிகமாட்டாவில் பெரும் செம்புச் சுரங்கம் திறந்தது. செம்புத் தாதுவிலும் ஆர்செனிக் உண்டு. உருக்காலைப் புகையும் அதைக் காற்றில் கொஞ்சம் தூவியது. ஆனால் நாம் பின்தொடரும் பாதை குழாய் வழியே போகிறது.

இந்த ஊரின் வரலாறே தண்ணீர் தேடிய வரலாறு. தொடக்கத்தில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். 1872இல் கார்லோஸ் வில்சன் என்ற பொறியாளர் உள்நாட்டில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் கண்ணாடிக் கூரை போட்ட மரத் தொட்டிகளை ஏக்கர் கணக்கில் பரப்பினார். சூரிய வெப்பத்தால் உப்புநீரை ஆவியாக்கி நன்னீர் பிடித்தார். உலகின் முதல் பெரிய சூரிய வடிநீர் நிலையம் அதுதான். சுரங்கத்தில் வண்டி இழுத்த கோவேறு கழுதைகளும் அந்த நீரால் பிழைத்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டனில் பதிவான ரயில் கம்பெனி, ஆண்டிஸ் மலையின் ஊற்றுகளிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து நகரத்துக்கு நீர் கொண்டுவந்தது. ரயில் எஞ்சினுக்கு நீராவி வேண்டும், ஆட்களுக்குக் குடிநீர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே குழாய். அந்தப் பழைய நீரிலும் ஆர்செனிக் இருந்தது, லிட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம். இன்றைய அளவுகோலில் அதுவே மிக அதிகம்.

நகரம் வளர்ந்தது, பழைய குழாய் போதவில்லை. புதிய நீராதாரம் தேடியவர்கள் கண்ணில் பட்டது தொகோன்சே ஆறு. மலையில் 3,000 மீட்டருக்கு மேலே ஓடும், ஆண்டு முழுவதும் வற்றாத சிறிய ஆறு. பாலைவனத்தில் வற்றாத ஆறு கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு என்று தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1958இல் அந்த ஆற்றைக் குழாயில் திருப்பி நகரத்துக்கு இறக்கினார்கள். அதைச் செய்தவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. ஒரு ஊரின் தாகத்தைத் தீர்க்க அவர்கள் மலையேறினார்கள். ஆனால் அந்த ஆற்றின் நீரை நகரத்துக்குள் விடும் முன் அதில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கும் நடைமுறை இல்லாமல் போனதற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

புதிய நீரில் ஆர்செனிக் லிட்டருக்குச் சராசரியாக 860 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான தன் முதல் அளவுகோல்களை வெளியிட்டதும் அதே 1958இல்தான். அதில் ஆர்செனிக்குக்கு அனுமதித்த உச்சம் 200 மைக்ரோகிராம். ஐந்து ஆண்டுகளில் அது 50 ஆகக் குறைந்தது. 1993 முதல் 10. அந்தக் காலத்தின் தளர்ந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் அந்தோஃபகஸ்தாவின் நீர் நான்கு மடங்கு தாண்டியிருந்தது. இன்றைய வரம்புக்கு அது 86 மடங்கு. நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்த ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு கிராமுக்கு மேல் ஆர்செனிக்கை விழுங்கியிருப்பார். ஒரே வேளையில் உயிரைப் பறிக்கப் போதுமான அளவைப்போல் அது பல மடங்கு. சிறுகச் சிறுக வந்ததால் யாரும் சுருண்டு விழவில்லை. அதனால்தான் தொடக்கத்தில் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

குழாயிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து குடலுக்கு. நீரில் கரைந்த ஆர்செனிக்கில் பெரும்பகுதியைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. அதன் ஒரு வடிவம் பார்வைக்குப் பாஸ்பேட்டைப் போலவே இருக்கும். தெரிந்தவர் போல உடையணிந்து வந்தவனைக் காவலாளி உள்ளே விடுவதுபோல் செல்கள் அதை உள்ளே விட்டுவிடுகின்றன. உள்ளே போனபின் ஆற்றலைச் சேமிக்கும் வேதிவினைகளில் பாஸ்பேட்டின் இடத்தில் அமர்ந்து வேலையைக் கெடுக்கிறது. இன்னொரு வடிவம் புரதங்களின் கந்தக முனைகளைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்குகிறது. கல்லீரல் சும்மா இருப்பதில்லை. ஆர்செனிக்கோடு மெத்தில் தொகுதிகளைச் சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றப் பார்க்கிறது. சில நாள்களில் பெரும்பகுதி போயும்விடுகிறது. ஆனால் மறுநாளும் அதே குழாயில் அதே நீர். வெளியேற்றுவதும் மறுபடி நிரம்புவதுமாக உடல் ஓயாது ஓடுகிறது. கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியையும் ஆர்செனிக் கடந்துவிடும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஊரில் உருவான ஒவ்வொரு குழந்தையும் பிறக்கும் முன்பே அந்தத் தண்ணீரைக் குடித்தது.

ரத்தத்தில் ஓடும்போது ஆர்செனிக் முதலில் உரசுவது ரத்தக்குழாயின் உள்தோலை. மெல்லிய அந்தத் தோல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி வைக்கிறது. ஆர்செனிக் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது, செல்களைச் சிதைக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது, அழற்சியைத் தூண்டுகிறது. குழாய் இறுகுகிறது, சுவர் தடிக்கிறது, ரத்தம் உறைவது எளிதாகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுவதோடு ஆர்செனிக்குக்கு உள்ள தொடர்பைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதயத்தின் மின்னோட்டத்தையும் அது குலைக்கும். ஒருவகை ரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் டிரையாக்சைடையே இன்று மருந்தாகக் கொடுக்கிறார்கள். அப்போது மருத்துவர்கள் நோயாளியின் இசிஜியை விடாமல் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

அந்தோஃபகஸ்தாவின் மருத்துவர்கள் இதையெல்லாம் அறிந்து பார்க்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர்களிடம் வந்தது தோல் நோய். பிள்ளைகளின் உடலில் கரும்புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டித்துப்போன காய்ப்புகள். குளிர்பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ஓயாத இருமல். இவையெல்லாம் ஒரே காரணத்தின் பல முகங்கள் என்று உணர்ந்து குடிநீரைச் சோதித்த சிலி நாட்டு மருத்துவர்களின் பணி பெரிது. அவர்களின் கட்டுரைகள் உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் அன்று எதிரொலிக்கவில்லை. ஆனாலும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்து நீரின் மேல் விரல் நீட்டியவர்கள் அவர்களே.

1974இல் ரோசன்பெர்க் என்ற நோயியல் மருத்துவர் ஐந்து குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் ஆர்செனிக் நஞ்சின் அடையாளங்களோடு இறந்தவர்கள். அவர்களின் உடலெங்கும் சிறிய, நடுத்தரத் தமனிகளின் உட்சுவர் நார்போல் தடித்துச் சுருங்கியிருந்தது. இதயத்தின் தமனிகளும் அதில் சேர்த்தி. அறுபது வயதுக்காரரிடம் எதிர்பார்க்கும் குறுகல் குழந்தைகளிடம் இருந்தது. மாரடைப்பால் இறந்த குழந்தைகளும் அந்தக் காலப் பதிவுகளில் உண்டு. இந்த வரியை எழுதிவிட்டு உடனே அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை. நாம் மாரடைப்புக்குச் சொல்லும் காரணங்கள் என்னென்ன? புகை, மது, எண்ணெய்ப் பலகாரம், உடலுழைப்பின்மை, மன அழுத்தம், பரம்பரை. அந்தக் குழந்தைகளில் எவருக்கும் இந்தப் பட்டியலில் இடமில்லை. அவர்கள் செய்ததெல்லாம் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது.

1970 மே மாதம் நகரத்துக்கு வெளியே சலார் தெல் கார்மென் என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலை திறந்தது. பெரும் அளவில் ஆர்செனிக்கை நீக்குவதற்கென்று உலகில் கட்டப்பட்ட தொடக்ககால ஆலைகளில் அது ஒன்று. அதன் வேலைமுறை எளியது. நீரில் குளோரின் விட்டு ஆர்செனிக்கைப் பிடிபடும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். பிறகு ஃபெரிக் குளோரைடு கலக்கிறார்கள். நீரில் அது துருவைப் போன்ற இரும்புத் திரிதிரியாகத் திரள்கிறது. ஆர்செனிக் அந்தத் திரளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதைப் படியவிட்டு, மணல் வடிகட்டியில் வடித்தால் கீழே இறங்குவது குடிக்கத்தக்க நீர். நீரில் ஆர்செனிக் முதலில் சுமார் 110 மைக்ரோகிராமுக்கு இறங்கியது. 1980களின் இறுதியில் 40 அளவுக்கு. புதிய நூற்றாண்டில் 10ஐ எட்டியது. 2003 முதல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையும் நகரத்துக்குத் துணையாயிற்று. கடல்நீரை வடித்துக் குடித்த ஊர் நூறாண்டுச் சுற்றுக்குப் பின் மறுபடி கடலுக்கே திரும்பியது.

பொருளின் பயணத்தைப் பார்த்தால் இங்கே அது முடிந்துவிட்டது. மலைப்பாறையில் தொடங்கிய ஆர்செனிக் ஆலையின் வண்டலாகப் பாலைவனத்தில் கிடக்கிறது. ஆனால் உடல்களுக்குள் அது தொடங்கிவைத்த வேலை முடியவில்லை. அதை எண்ணிப் பார்த்தவர்கள் பல பத்தாண்டுகள் கழித்து வந்தார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் ஸ்மித் என்ற நோய்ப்பரவியல் அறிஞரும், சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தரீனா ஃபெரேச்சியோவும், அவர்களோடு உழைத்தவர்களும் அந்தோஃபகஸ்தாவில் ஓர் அரிய வாய்ப்பைக் கண்டார்கள். மற்ற நாடுகளில் ஆர்செனிக் கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்து வீட்டுக் கிணறு நல்லதாக இருக்கும், நம் கிணறு கெட்டதாக இருக்கும்; யார் எவ்வளவு குடித்தார் என்று கணக்கிடுவதே பெரும்பாடு. இங்கே ஊருக்கே ஒரு குழாய். பணக்காரரும் சுரங்கக் கூலியும் குடித்தது ஒரே நீர். மாற்று நீர் யாருக்கும் கிடையாது. நஞ்சு வந்த ஆண்டு தெரியும், போன ஆண்டு தெரியும். இறப்புப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்செனிக் இல்லாத வல்பராய்சோ மாகாணம் இருந்தது. புகைப்பழக்கம் வடக்கே கூடுதலாக இல்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யத் துணியாத ஒரு சோதனையை வரலாறு அந்த மக்கள்மேல் செய்து முடித்திருந்தது. அதன் பதிலையாவது வீணாக்காமல் எடுத்துக்கொள்வது அறிவியலின் கடமையாயிற்று.

2007இல் யான் யுவான், ஸ்மித், ஃபெரேச்சியோ உள்ளிட்டோர் 1950 முதல் 2000 வரையிலான அரை நூற்றாண்டு மரணங்களை அலசி வெளியிட்ட ஆய்வே இந்தப் பயணத்தின் முக்கிய ஆவணம். 1958 முதல் 1970 வரை, அந்தோஃபகஸ்தா உள்ள மாகாணத்தில் மாரடைப்பால் இறந்த ஆண்களின் விகிதம் வல்பராய்சோவைவிட 48 சதவீதம் கூடுதல். பெண்களில் 26 சதவீதம் கூடுதல். நெஞ்சை உலுக்கும் எண் வேறொன்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கருவிலும் மழலைப் பருவத்திலும் நஞ்சை ஏற்றவர்கள் வளர்ந்து 30 முதல் 49 வயது ஆண்களானபோது, மாரடைப்பால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அவர்கள் பெரியவர்களானபோது குழாயில் சுத்திகரித்த நீர்தான் ஓடியது. தாயின் வயிற்றில் குடித்த நீர் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது.

இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. ஆர்செனிக் என்றதும் மருத்துவ உலகம் புற்றுநோயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றும் சிறுநீர்ப்பைப் புற்றும் அந்த மாகாணத்தில் பல மடங்கு கூடியது உண்மை. ஆனால் அவை மெதுவாக வந்தன. நீர் வந்து பத்தாண்டுகள் கழித்துத்தான் உயரத் தொடங்கின, 1990களில் உச்சம் தொட்டன. முதலில் வந்து, நஞ்சு நீர் ஓடிய ஆண்டுகளிலும் அதையடுத்தும் மிக அதிகம் பேரைக் கொண்டுபோனது மாரடைப்பே. மூன்றையும் கூட்டிப் பார்த்தால், 1991 முதல் 1995 வரை அந்த மாகாணத்தில் இறந்த ஆண்களில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவரின் மரணம் ஆர்செனிக்கின் கணக்கில் சேர்கிறது. ஆலை திறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்பும் இந்த நிலை.

ஆனால் அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீர் சுத்தமாகிப் பத்தாண்டுகளில் மாரடைப்பு இறப்பு குறைந்திருந்தது. புற்றுநோயின் விதை விழுந்துவிட்டால் பல பத்தாண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கிறது. பெரியவரான பின் நஞ்சை ஏற்ற ரத்தக்குழாய்க்கோ, நச்சு நின்றால் ஓரளவு மீளும் வலிமை இருக்கிறது. தைவானிலும் இதையே கண்டார்கள். அந்தத் தீவின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீரால் கால்கள் கறுத்து அழுகும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கியது. அதுவும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவதே. குழாய்நீர் வந்து ஆர்செனிக் நின்றபின் அங்கே இதயநோய் இறப்பும் படிப்படியாக இறங்கியது.

வங்கதேசத்தின் கதை பலருக்குத் தெரியும். குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். அவற்றில் ஏராளமானவற்றில் ஆர்செனிக் இருந்தது பிறகுதான் தெரிந்தது. வங்கதேசத்தைப் போலவே ஆற்றுப் படுகை மண்ணில் அமைந்த நம் மேற்கு வங்கமும் பீகாரும் இன்றும் அவதிப்படுகின்றன. டாக்காவை அடுத்த அராய்ஹசாரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு ஏறக்குறைய 12,000 பேரைப் பின்தொடர்ந்தது. கிணற்றில் ஆர்செனிக் கூடக் கூட இதயநோய் இறப்பும் கூடியதை 2011இல் அவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் காட்டினார்கள். புகை பிடித்தவர்களுக்கு அந்த ஆபத்து மேலும் கூடியது. அதே மக்களை இருபது ஆண்டுகள் விடாமல் பார்த்துவந்து, உடலில் ஆர்செனிக் நன்றாகக் குறைந்தவர்களுக்கு இதயநோய் இறப்பும் குறைந்ததை 2025இல் வெளியிட்டார்கள். கெட்ட கிணற்றுக்குச் சிவப்பு, நல்ல கிணற்றுக்குப் பச்சை என்று வர்ணம் பூசி, சில நூறு அடி நடந்து வேறு கிணற்றுக்குப் போகச் சொன்னதுதான் அங்கே நடந்த சிகிச்சையின் பெரும்பகுதி. இதயத்துக்கு இதைவிட மலிவான வைத்தியம் உலகில் உண்டா?

ஆர்செனிக் தனியாகவும் இல்லை. 2018இல் ஏறத்தாழ 3,50,000 பேரைப் பற்றிய 37 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்ததில், ஆர்செனிக், ஈயம், காட்மியம் மூன்றும் இதய, ரத்தக்குழாய் நோயின் ஆபத்தைக் கூட்டுவது தெளிவாயிற்று. 2023இல் அமெரிக்க இதயநோய்ச் சங்கம் இந்த மூன்றையும் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளாக ஏற்று அறிக்கை வெளியிட்டது. ரோசன்பெர்க் அந்த ஐந்து குழந்தைகளின் தமனிகளை விவரித்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உடலிலிருந்து உலோகத்தை மருந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அப்படியொரு முயற்சியும் நடந்தது. முன்பே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளுக்கு உலோகம் பற்றியிழுக்கும் மருந்தை நாற்பது வாரம் ரத்தநாளத்தில் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. ரத்தத்தில் ஈயம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் மறுபடி வரும் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அந்த மருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் குறிவைத்தது, ஆர்செனிக்கை அல்ல. ஆனாலும் அந்த முடிவு எனக்குச் சொல்வது ஒன்றே. வீட்டுக்குள் வெள்ளம் வந்தபின் இறைப்பதைவிடக் கரையை உயர்த்துவதே பயன் தரும். குழாயில் நின்றால்தான் நின்றது.

இங்கே நான் உறுதியாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் ஒருவருக்கு நாற்பது வயதில் மாரடைப்பு வந்தால் உறவினர் கூட்டம் முதலில் செய்வது அவரைக் குற்றவாளியாக்குவது. பரோட்டா தின்றான், நடக்கவில்லை, கோபப்பட்டான். இவற்றில் உண்மை உண்டு. புகையும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும்தான் இன்றும் பெரிய காரணங்கள். ஆனால் ஒரு மனிதர் தேர்ந்தெடுக்காத காரணங்களும் உண்டு. அவர் பிறந்த ஊர், அவர் தாய் குடித்த நீர், வேலை பார்த்த பட்டறையின் புகை, வீட்டுச் சுவரின் ஈயம் கலந்த வர்ணம். இவற்றை நடைப்பயிற்சியால் சரிசெய்ய முடியாது. நகராட்சியும் அரசும் ஆலையும்தான் சரிசெய்ய வேண்டும். அந்தோஃபகஸ்தாவில் யாரும் தனியாக உணவுக் கட்டுப்பாடு இருந்து இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஓர் ஆலை கட்டப்பட்டது, இதயங்கள் பிழைத்தன.

தமிழ்நாட்டு நிலத்தடி நீருக்கு ஆர்செனிக் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. நம் பெரிய சிக்கல் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு. அதற்கு மருந்தாக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுபோனோம். கெட்ட நீரைக் கொண்டுவந்த குழாயைப் பற்றிப் படித்த நாம் நல்ல நீரைக் கொண்டுபோன குழாயையும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்காண்டு ஆழ்துளைக் கிணறுகள் இன்னும் ஆழம் போகின்றன. தோல் பதனிடும், சாயமிடும், உலோகம் உருக்கும் தொழில்கள் நெருக்கமாக உள்ள ஊர்களில் மண்ணுக்குள் என்னென்ன இறங்கியிருக்கின்றன என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாத பொருள் இது. தொகோன்சே ஆற்று நீரும் பார்க்கப் பளிங்குபோல்தான் இருந்தது.

இளம் வயதில் மாரடைப்போடு வருபவரிடம், நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க நம் மருத்துவர்களை வேண்டுகிறேன். வீட்டில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் அந்த நீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் உலோகங்கள் விடுபட்டிருக்கலாம். ஆர்செனிக்கையும் ஈயத்தையும் பார்க்க முடியுமா என்று தனியாகக் கேளுங்கள். ஆர்செனிக்குக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆர்செனிக் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடவே செய்யும்.